ஹெல்பாய் படிக்க ஆரம்பிப்பது எப்படி: வரிசை, பதிப்புகள், செலவு, பார்சல்

மைக் மிக்னோலாவின் ஹெல்பாய் காமிக்ஸ் வரிசையைப் படிக்கலாம் என்று இறங்கினால், கதை தொடங்கும் முன்பே ஆளைக் களைக்க வைக்கிற அளவுக்கு வேலை இருக்கிறது. ஒரே கதை மூன்று விதமான புத்தகங்களில் கிடைக்கிறது, இரண்டு வெவ்வேறு புத்தகங்களுக்கு ஒரே பெயர் இருக்கிறது, நடுவில் பி.பி.ஆர்.டி. என்று இன்னொரு நீண்ட தொடர், அதை ஒட்டி ஏப் சேப்பியன், லாப்ஸ்டர் ஜான்சன், விட்ச்ஃபைண்டர் என்று கிளைகள். ரசிகர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு வரிசை சொல்வார்கள், அதில் பாதிப் பேர் பேச்சுவாக்கில் கதையின் பெரிய திருப்பத்தையும் போட்டு உடைத்துவிடுவார்கள். இதிலெல்லாம் தட்டுத்தடுமாறித்தான் நான் ஒரு வழிக்கு வந்தேன். நீங்களும் அந்தப் பாடு பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பேசப்போவது டார்க் ஹார்ஸ் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்புகளைப் பற்றி, அதுவும் இந்தியாவில் இருந்துகொண்டு வாங்குகிறவர்களை மனதில் வைத்து.

1. காசு போடும் முன் ருசி பாருங்கள்

ஹெல்பாய் ஒரு பேய்ப்பிறவி. 1944 டிசம்பரில், இரண்டாம் உலகப்போர் முடிகிற நேரத்தில், நாஜிகள் நடத்திய ஒரு சடங்கால் பூமிக்கு இழுத்து வரப்பட்டவன். அமெரிக்கர்கள் அவனைக் கண்டெடுத்து வளர்க்கிறார்கள். வளர்ந்ததும் கனெக்டிகட்டில் ஃபேர்ஃபீல்டு என்ற ஊரில் இருக்கும் பி.பி.ஆர்.டி. என்ற அமானுஷ்ய ஆய்வு அமைப்பின் அலுவலகத்தில் பேய், பூதம், ரத்தக்காட்டேரி வழக்குகளை விசாரிக்கும் அலுவலராக இருக்கிறான். கூட வேலை பார்ப்பவர்கள் நீரில் வாழும் ஏப் சேப்பியன், நினைத்தால் நெருப்பைப் பற்றவைக்கும் லிஸ் ஷெர்மன், நாட்டார் கதைகளைக் கரைத்துக் குடித்த பேராசிரியை கேட் காரிகன். கதைக்குள் நுழைய இவ்வளவு தெரிந்தால் போதும், பின்கதையைத் தேடி இணையத்தில் அலைய வேண்டாம்.

லயன்-முத்து காமிக்ஸில் அமானுஷ்ய வழக்குகளைத் துப்பறியும் டைலன் டாக் படித்துப் பழகியவர்களுக்கு இந்த மாதிரிக் கதை புதிதல்ல, ஆனால் வேகம் வேறு. மிக்னோலா நிறையப் பேச மாட்டார். ஒரு பக்கத்தில் பாதி கன்னங்கரேலென்று இருக்கும், சண்டைக்கு நடுவில் திடீரென்று ஒரு சின்னக் கட்டம், அதில் உடைந்த தேவாலயச் சிலையின் முகம் மட்டும், வசனமே கிடையாது. வசனத்தை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிற பழக்கம் உள்ளவர்கள் ஒரு மணி நேரத்தில் புத்தகத்தை முடித்துவிட்டு இதற்கா இவ்வளவு விலை என்று கேட்பார்கள். அந்தச் சின்னக் கட்டங்களில் நின்று பார்க்கிற பொறுமை இருந்தால்தான் இது பிடிக்கும்.

சோதித்துப் பார்க்க 'தி கார்ப்ஸ்' என்ற சிறுகதையைத் தேடிப் படியுங்கள். அயர்லாந்தில் ஒரு குழந்தையை மாயமனிதர்கள் தூக்கிப்போய்விட்டு அந்த இடத்தில் வேறொன்றைப் படுக்க வைத்திருக்கிறார்கள். குழந்தை திரும்ப வேண்டுமென்றால், ஒரு பிணத்தை விடிவதற்குள் புனித மண்ணில் புதைக்க வேண்டும் என்று நிபந்தனை. ஹெல்பாய் அந்தப் பிணத்தை முதுகில் சுமந்துகொண்டு தேவாலயம் தேவாலயமாக அலைகிறான், பிணமோ வாயை மூடாமல் பேசிக்கொண்டே வருகிறது, போகிற கல்லறையில் எல்லாம் ஏற்கெனவே படுத்திருப்பவர்கள் இடமில்லை என்று விரட்டுகிறார்கள். விக்கிரமாதித்தன் முதுகில் வேதாளம் ஏறிய கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது உடனே பிடித்துவிடும். இதைப் படித்தும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள், மற்றவை இதைவிடப் பெரிதாக மாறிவிடப் போவதில்லை.

இன்னொன்று. திரைப்படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஹெல்பாய்க்கும் லிஸ்ஸுக்கும் காதல் என்ற எண்ணத்தோடு வருவார்கள். காமிக்ஸில் அது கிடையாது. படத்தை மறந்துவிட்டு வாருங்கள்.

2. ஒரே ஒரு பதிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்

முதன்மையான ஹெல்பாய் கதை மூன்று வடிவங்களில் கிடைக்கிறது.

பழைய தனித் தொகுதிகள்: ஹெல்பாய் என்ற பெயரில் 12, அப்புறம் 'ஹெல்பாய் இன் ஹெல்' 2. ஒவ்வொன்றும் மெல்லியது. எல்லாம் ஒரே சமயத்தில் கையிருப்பில் இருப்பதில்லை, ஆறும் எட்டும் கிடைக்கும், ஏழு மட்டும் கிடைக்காது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கண்ணில் பட்டால் அது வேறு விஷயம்.

லைப்ரரி எடிஷன்: பெரிய அளவு, 9 அங்குலத்துக்கு 12 அங்குலம், கெட்டி அட்டை, மொத்தம் 7. ஓவியத்துக்காகவே வாங்குகிறவர்களுக்கு இதுதான் அழகு. ஆனால் கனம் அதிகம், படுத்துக்கொண்டு படிக்க முடியாது. அட்டை விலை ஒன்றுக்கு 49.99 டாலர்.

ஆம்னிபஸ்: பழைய தொகுதிகளைச் சேர்த்துக் கட்டிய தடித்த புத்தகங்கள், 2018-ல் வந்தவை. நான்கு தொகுதிகளில் பெரிய கதை முழுவதும், அதோடு சிறுகதைகளுக்கென்று 'கம்ப்ளீட் ஷார்ட் ஸ்டோரீஸ்' இரண்டு தொகுதிகள். ஆக ஆறு புத்தகம். வெளிவந்தபோது அட்டை விலை ஒன்றுக்கு 24.99 டாலர். புதியவர்களுக்கு இதுதான் சரி.

எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் நடுவில் மாற்றாதீர்கள். தனித் தொகுதிகளிலும் லைப்ரரி எடிஷனிலும் சிறுகதைகள் பெரிய கதைகளோடு கலந்தோ தனித்தொகுதியாகவோ வேறு அடுக்கில் இருக்கும், ஆம்னிபஸில் பெரும்பாலானவை அந்த இரண்டு சிறுகதைத் தொகுதிகளுக்குப் போய்விடும். ஒன்றில் பாதி, மற்றொன்றில் பாதி என்று வாங்கினால் சில கதைகள் இரண்டு முறை வரும், சில கதைகள் வரவே வராது.

3. ஒரே பெயரில் இரண்டு புத்தகம்: இங்கேதான் காசு போகும்

'ஸ்ட்ரேஞ்ச் பிளேசஸ்' என்பது பழைய ஆறாம் தொகுதியின் பெயர். ஆம்னிபஸ் இரண்டாம் தொகுதிக்கும் அதே பெயர்தான். 'தி வைல்ட் ஹன்ட்' பழைய ஒன்பதாம் தொகுதி, அதுவே ஆம்னிபஸ் மூன்றாம் தொகுதியும். 'சீட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' இரண்டிலும் ஒன்றாம் தொகுதி, அதனால் இன்னும் மோசம், எண்ணை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. விற்பனைத் தளங்களில் ஒரு புத்தகத்தின் படமும் இன்னொன்றின் விவரமும் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பது சர்வசாதாரணம், வாசகர் கருத்துகளும் இரண்டுக்கும் சேர்த்து வந்திருக்கும்.

ஆகவே பெயரை வைத்துத் தேடாதீர்கள். பதிப்பகத்தின் தளத்தில் அந்தப் புத்தகத்தின் பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான 13 இலக்க ஐஎஸ்பிஎன்னை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு புத்தகத்துக்கும் ஆறு எண், மொபைலில் ஒரு குறிப்பாகப் போட்டு வைத்தால் போதும். விற்பனைத் தளத்தின் தேடல் பெட்டியில் அந்த எண்ணை அப்படியே ஒட்டுங்கள். அப்புறம் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். முந்நூறைத் தாண்டினால் ஆம்னிபஸ், நூற்றுச் சொச்சம் என்றால் பழைய தொகுதி. எண்ணும் பக்கமும் ஒத்துப்போகாத இடத்தில் வாங்கவே வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

4. படிக்கும் வரிசை

கதைக்குள் எந்த ஆண்டு முதலில் வருகிறதோ அதிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள். 'ஹெல்பாய் அண்ட் தி பி.பி.ஆர்.டி.: 1952' அவனுடைய முதல் பணியைச் சொல்கிறது, ஆகவே அதுதான் ஆரம்பம் என்று தோன்றும். ஆனால் அது 2014 டிசம்பரில் தொடங்கியது, அதற்குள் ஹெல்பாய் கதைகள் இருபது வருடமாக வந்துகொண்டிருந்தன. பின்னால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்ட கதை அது. வெளிவந்த வரிசைதான் படிக்கும் வரிசை, சின்னச் சின்ன மாற்றங்களோடு.

முதல் கட்டம்: ஆம்னிபஸ் ஒன்று. இதில் வரும் முதல் கதை 'சீட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்', 1994-ல் நான்கு இதழ்களாக வந்தது. கதை மிக்னோலாவுடையது, வசனம் எழுதியவர் ஜான் பைர்ன். எல்லாவற்றையும் ஹெல்பாயே விளக்கிக்கொண்டிருப்பான், கொஞ்சம் வளவளவென்று இருக்கும். இதை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். அடுத்த 'வேக் தி டெவில்' முதல் மிக்னோலாவே எழுதுகிறார், குரல் சட்டென்று மாறிவிடும். ஆனாலும் முதல் கதையைத் தாண்டிப்போகவும் கூடாது. அதில் வரும் தவளைகள் பின்னால் பி.பி.ஆர்.டி. தொடரில் எவ்வளவு பெரிய வினையாகப் போகின்றன என்பதைப் பார்க்கும்போது, அந்த முதல் சில பக்கங்களைத் திரும்ப எடுத்துப் பார்ப்பீர்கள். ரோஜர் என்ற செயற்கை மனிதனும் இந்தத் தொகுதியில்தான் அறிமுகம், அவனை மறக்காதீர்கள்.

இரண்டாம் கட்டம்: ஆம்னிபஸ் இரண்டு. இதில் 'காங்கரர் வோர்ம்' முக்கியமான கதை. அதன் முடிவில் ஹெல்பாய் வேலையை விட்டுவிட்டுத் தன் வழியே போகிறான். இதைச் சொல்வது ஸ்பாய்லர் ஆகாது, ஏனென்றால் இது தெரியாமல் பி.பி.ஆர்.டி.யை எங்கே தொடங்குவது என்று சொல்லவே முடியாது.

மூன்றாம் கட்டம்: இரண்டு சிறுகதைத் தொகுதிகள். பலர் இதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள், சிறுகதைதானே, எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்று. அப்படிச் செய்தால் ஆம்னிபஸ் மூன்றில் வரும் முக்கியமான எதிரி எங்கிருந்து முளைத்தான், அவனுக்கு ஏன் ஹெல்பாய் மேல் இவ்வளவு வன்மம் என்றே புரியாது. மேலே சொன்ன 'தி கார்ப்ஸ்' கதையில் தொட்டிலில் கிடக்கிறதே, அந்தப் பொருள்தான் அவன். ஆகவே மூன்றாம் ஆம்னிபஸைத் திறக்கும் முன் இரண்டு சிறுகதைத் தொகுதிகளையும் முடித்துவிடுங்கள். என்னைக் கேட்டால் மொத்த வரிசையிலும் சிறந்தவை இந்தச் சின்னக் கதைகள்தான். 'பான்கேக்ஸ்' இரண்டே பக்கம், குழந்தை ஹெல்பாய் முதல்முறை பான்கேக் சாப்பிடுகிறான், நரகமே ஓலமிடுகிறது, கதை முடிந்துவிட்டது. 'ஹெட்ஸ்' ஜப்பானியப் பறக்கும் தலைகள். 'தி பெனாங்கலான்' மலேசியாவில் நடக்கிறது, மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு அந்தப் பேயை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இருக்காது. 'தி க்ரூக்கட் மேன்' ரிச்சர்ட் கார்பென் வரைந்தது, 2009-ல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது வாங்கியது. அதில் மட்டும் அப்பலாச்சிய மலைப்பகுதியின் கொச்சை ஆங்கிலம் வரும், ஒரு வரியை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

நான்காம் கட்டம்: பி.பி.ஆர்.டி. 'பிளேக் ஆஃப் ஃப்ராக்ஸ்', நான்கு தொகுதிகள். ஹெல்பாய் இல்லாத அலுவலகம் என்ன ஆகிறது என்பதுதான் கதை. முதல் தொகுதி கொஞ்சம் ஏறுக்கு மாறானது, பல கைகள் எழுதி வரைந்த துண்டுக் கதைகள் அதில் இருக்கின்றன. சில சுமார், சிரமமாக இருந்தால் மேலோட்டமாகப் புரட்டுங்கள், ஆனால் 'ஹாலோ எர்த்' கதையை விடாதீர்கள், யோஹான் க்ராஸ் அதில்தான் வருகிறான். உடலே இல்லாத, கண்ணாடித் தலையும் காற்றடைத்த உடுப்புமாக நடமாடும் ஆவி அவன். பிறகு கை டேவிஸ் ஓவியத்துக்கு வருகிறார், எழுத்தில் ஜான் ஆர்குடி சேர்கிறார், அங்கிருந்து தொடர் வேறு உயரத்துக்குப் போகிறது. டேவிஸின் கோடுகள் முதலில் கிறுக்கலாகத் தெரியும், மிக்னோலாவின் வெட்டி எடுத்த மாதிரியான நிழல்களுக்குப் பழகிய கண் முரண்டுபிடிக்கும், ஒரு தொகுதி பொறுத்துக்கொள்ளுங்கள். 'தி யுனிவர்சல் மெஷின்' கதையில் இந்த அலுவலர்கள் சும்மா ஒன்றாக உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையில் நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். அரக்கன் யாரையும் அடிக்காத அந்தப் பக்கங்களில்தான் இவர்கள் எனக்கு மனிதர்களாக ஒட்டிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த நான்கு தொகுதிகளில் '1946', '1947', '1948' கதைகள் இல்லை. அவை தனியே ஒரே புத்தகமாக வந்திருக்கின்றன. போருக்குப் பிந்தைய பெர்லினில் நடக்கும் '1946'-ல் வார்வாரா என்று ஒரு சிறுமி வருவாள், பார்க்கத்தான் சிறுமி. அவளைத் தெரியாமல் அடுத்த பெரிய தொடருக்குப் போனால் பாதிக் காட்சிகளின் அர்த்தம் கைநழுவிப் போகும். ஆகவே 'பிளேக் ஆஃப் ஃப்ராக்ஸ்' முடித்ததும் இந்தப் புத்தகம்.

ஐந்தாம் கட்டம்: ஹெல்பாய் ஆம்னிபஸ் மூன்று. ஓவியம் டங்கன் ஃபெக்ரெடோ. இதை முடித்துவிட்டு நான்காவதை உடனே எடுக்கலாம், அல்லது பி.பி.ஆர்.டி. 'ஹெல் ஆன் எர்த்' ஐந்து தொகுதிகளோடு மாற்றி மாற்றியும் படிக்கலாம். வெளிவந்த காலத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் வந்தன. நான்காவது ஆம்னிபஸின் பெயரே 'ஹெல்பாய் இன் ஹெல்', அவன் அங்கே எப்படிப் போனான் என்பதை நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் பின்னட்டையைப் படித்துவிடாதீர்கள். பின்னட்டைகள் இந்த வரிசைக்குப் பரம எதிரி. விற்பனைத் தளத்தின் விவரப் பகுதியும் அப்படித்தான், ஐஎஸ்பிஎன் பார்க்கப் போன இடத்தில் கண்ணை மேலே ஓட்டாதீர்கள்.

கடைசியாக பி.பி.ஆர்.டி.யின் 'தி டெவில் யூ நோ', 2017 முதல் 2019 வரை வந்தது. ஒரே புத்தகமாகக் கிடைக்கிறது. ஹெல்பாய், பி.பி.ஆர்.டி. என்ற இரண்டு ஓடைகளும் இங்கே சேர்ந்து முடிகின்றன.

5. மொத்தம் எவ்வளவு ஆகும்

டாலரை 85 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன், நீங்கள் வாங்கும் அன்றைய மதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு ஆம்னிபஸ் புத்தகங்களும் வெளிவந்தபோதிருந்த அட்டை விலையில் 150 டாலர், அதாவது 12,750 ரூபாயை ஒட்டி வரும். லைப்ரரி எடிஷன் ஏழும் என்றால் 350 டாலர், 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பி.பி.ஆர்.டி. கெட்டி அட்டைத் தொகுதிகள் ஒன்றுக்கு 35 டாலரை ஒட்டி இருக்கும், அவை பத்தும் '1946–1948' புத்தகமும் சேர்ந்தால் ஹெல்பாயைவிட இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும்.

ஆகவே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வாங்காதீர்கள். முதல் ஆம்னிபஸ் மட்டும் வாங்குங்கள், பிடித்தால் அடுத்ததோடு சிறுகதைத் தொகுதி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். பி.பி.ஆர்.டி.யைப் பற்றி அந்த மூன்று நான்கு புத்தகங்களுக்கு அப்புறம் யோசித்தால் போதும். ஒரு விதிவிலக்கு: வரிசையின் பின்னால் வரும் ஒரு தொகுதி நியாயமான விலையில் கண்ணில் பட்டு, அது அடிக்கடி தீர்ந்துபோகிற தொகுதி என்றும் தெரிந்தால், வாங்கி மூடி வைத்துவிடுங்கள்.

தீர்ந்துபோன புத்தகத்துக்குச் சில விற்பனையாளர்கள் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு விலை போட்டு வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இவை பெயர் பெற்ற புத்தகங்கள், மறுபதிப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. விலை இறங்கினால் தகவல் சொல்லும் வசதியை இயக்கிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. சமூக ஊடகத்தில் புத்தம் புதிய ஆம்னிபஸ் 500 ரூபாய் என்று யாராவது விற்றால் அது ஸ்கேன் செய்து அச்சடித்த போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற காமிக்ஸில் போலி அச்சைக் கூட ஒருவாறு சகித்துக்கொள்ளலாம், மிக்னோலாவில் முடியாது. கறுப்புக்குள் கறுப்பாக வரைந்திருப்பதெல்லாம் சேறாகக் கலங்கிவிடும், வண்ணக் கலைஞர் டேவ் ஸ்டூவர்ட் பார்த்துப் பார்த்து அடக்கி வைத்த வண்ணங்கள், ஹெல்பாயின் அந்த ஒரே ஒரு சிவப்பு, எல்லாம் பழுப்பாகிப் போகும்.

6. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் என்னென்ன வேண்டும்

முதலில் உள்நாட்டு இருப்பைப் பாருங்கள். இங்கே இருப்பில் இருந்தால் சில நாளில் வந்துவிடும், சுங்கத் தலைவலி கிடையாது. "இரண்டு முதல் நான்கு வாரத்தில்" என்று போட்டிருந்தால் அவர்களே வெளியிலிருந்து வரவழைக்கிறார்கள் என்று அர்த்தம், அந்தத் தேதியை நம்பிப் பிறந்தநாள் பரிசு திட்டமிட வேண்டாம்.

நீங்களே நேரடியாக வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் இவை தயாராக இருக்கட்டும்:

வங்கி அட்டை. புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டேதான் வரும். வங்கிச் செயலிக்குள் போய் அதை இயக்கி, உச்சவரம்பும் வைத்துவிட்டு, பணம் போனதும் மறுபடி அணைத்துவிடுங்கள். நாணய மாற்றுக் கட்டணம் பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. கடையின் தளம் ரூபாயிலேயே கட்டுகிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி டாலரில் கட்டுங்கள், அவர்கள் போடும் மாற்று விலை பெரும்பாலும் வங்கியைவிட மோசமாகத்தான் இருக்கும்.

அடையாள ஆவணம். கூரியர் நிறுவனங்கள் சுங்கத்தில் விடுவிக்க கேஒய்சி, அதாவது நீங்கள் யார் என்பதற்கான சான்று, கேட்கும். ஆதார், பாஸ்போர்ட் மாதிரி ஒன்றின் ஸ்கேன் நகல் தெளிவாக, நான்கு மூலையும் தெரிய, கையில் இருக்கட்டும். மிக முக்கியம்: பார்சலில் எழுதும் பெயர் ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். தமிழர்களுக்கு இதுதான் பெரிய வில்லங்கம், முதலெழுத்து ஒரு ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். ஆர்டர் போடும்போதே எந்த ஆவணத்தைக் காட்டப்போகிறோம் என்று முடிவு செய்து, அதில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து பார்த்துப் போடுங்கள். வீட்டில் செல்லமாகக் கூப்பிடும் பெயரெல்லாம் அங்கே வேண்டாம். ஆவணத்தில் உள்ள முகவரி வேறாக இருந்தால் இப்போதைய முகவரிக்கு ஒரு சான்றும் எடுத்து வையுங்கள்.

விலைப்பட்டியல். அச்சிட்ட புத்தகம் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். நம் நாட்டில் அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் இறக்குமதிப் புத்தகத்துக்கு 2019 ஜூலை பட்ஜெட்டில் 5 சதவீதச் சுங்க வரி வந்தது. விலைப்பட்டியலில் "கலெக்டிபிள்" என்றோ "பொம்மை" என்றோ எழுதியிருந்தால் கணக்கு வேறு மாதிரி போய்விடும். காமிக்ஸ் கடைகள் சிலை, பொம்மை எல்லாம் விற்பதால் இப்படி நடக்கிறது, ஆர்டர் குறிப்பில் முன்கூட்டியே ஒரு வரி எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். வரியோடு கூரியர் தன் கையாளும் கட்டணத்தையும் சேர்க்கும், ஒரே ஒரு புத்தகத்துக்கு அது உறைக்கும். இரண்டு மூன்று புத்தகமாகச் சேர்த்து வாங்குவதே லாபம்.

பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த இணைப்பைத் தட்டி 49 ரூபாய் கட்டுங்கள் என்கிற ரீதியில் ஒரு குறுஞ்செய்தி வரும். நிஜமாகவே ஒரு பார்சலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வருவதால் கை தானாகவே தட்டப் போகும். தட்டாதீர்கள். கூரியரின் தளத்தை நீங்களே திறந்து, கடைக்காரர் கொடுத்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். கட்ட வேண்டியது ஏதாவது இருந்தால் அங்கே தெரியும்.

7. பார்சல் வந்த அன்று

பெட்டியைப் பிரிப்பதை முகவரிச் சீட்டு தெரியும்படி ஆரம்பத்திலிருந்தே காணொளி எடுங்கள். எனக்கு ஒரு கடை, கெட்டி அட்டைப் புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் மட்டும் போட்டு அனுப்பியது, நான்கு மூலையில் இரண்டு நசுங்கியே வந்தது, காணொளி இருந்ததால்தான் மாற்றிக் கொடுத்தார்கள். உள்ளே பார்க்க வேண்டியவை: ஐஎஸ்பிஎன் நீங்கள் குறித்ததுதானா, முதுகுப் பகுதியில் பசை விட்டிருக்கிறதா, நடுவில் பக்கங்கள் விட்டுப்போயிருக்கின்றனவா அல்லது இரட்டித்திருக்கின்றனவா. தடிமனான ஆம்னிபஸில் கடைசிச் சோதனையைப் பலர் செய்வதில்லை, மூன்று மாதம் கழித்துப் படிக்கும்போது கண்டுபிடித்து என்ன பயன், திருப்பி அனுப்பும் கெடு என்றைக்கோ முடிந்திருக்கும். கதையைப் பார்த்துவிடுவோமோ என்று பயமாக இருந்தால் பக்க எண்களை மட்டும் பார்த்துப் புரட்டுங்கள்.

8. டிஜிட்டலில் படிப்பதென்றால்

செலவு நிச்சயம் குறையும். கின்டிலில் ஆம்னிபஸ்கள் கிடைக்கின்றன, விலைக்குறைப்பும் அடிக்கடி வரும். ஹம்பிள் பண்டில் தளம் முன்பு ஹெல்பாய் புத்தகங்களைக் கட்டுக்கட்டாக விற்றிருக்கிறது, அந்த மாதிரி மறுபடி வந்தால் மொத்த வரிசையும் இரண்டு ஆம்னிபஸ் விலைக்குள் அடங்கிவிட வாய்ப்புண்டு.

கறுப்பு-வெள்ளை கின்டிலில் படிக்காதீர்கள், குறைந்தது பத்து அங்குல டேப்லெட் வேண்டும். கட்டம் கட்டமாகக் காட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள், இந்த ஓவியம் முழுப் பக்கமாகப் பார்க்க வேண்டியது. அப்புறம், டிஜிட்டலில் வாங்குவது சொந்தமாக வைத்திருப்பது ஆகாது. டிஜிட்டல் காமிக்ஸ் விற்ற காமிக்ஸாலஜி செயலி 2023 டிசம்பரில் கின்டிலுக்குள் போய்விட்டது, டார்க் ஹார்ஸின் சொந்த டிஜிட்டல் கடையும் 2025-ல் மூடப்பட்டது. பூட்டில்லாத பிடிஎஃப் கோப்பாகவோ சிபிஇசட் என்ற காமிக்ஸ் கோப்பாகவோ கிடைத்தால் அதையே வாங்குங்கள், வாங்கிய அன்றே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவர்கள் ஒரு காசு செலவழிக்கும் முன் உள்ளூர் நூலக அட்டை வாங்குங்கள். தேவை ஒரு அடையாள அட்டையும் இப்போதைய முகவரிக்குச் சான்றும்தான், வாடகை ஒப்பந்தமோ மின் கட்டண ரசீதோ பெரும்பாலும் போதும். உங்கள் நூலகம் ஹூப்லா என்ற மின்னிரவல் சேவையில் சேர்ந்திருந்தால் காமிக்ஸ் ஒன்றை 21 நாள் வரை வைத்துக்கொள்ளலாம், காத்திருப்புப் பட்டியலும் கிடையாது. மாதத்துக்கு எத்தனை என்ற வரம்பை ஒவ்வொரு நூலகமும் தானே வைக்கும், ஆகவே அதை மெல்லிய தனித் தொகுதிகளில் வீணாக்காமல் ஆம்னிபஸாக எடுங்கள்.

9. கிளைத் தொடர்களை எப்போது தொடுவது

முதன்மை வரிசை முடிந்த பிறகு. லாப்ஸ்டர் ஜான்சனை 'காங்கரர் வோர்ம்' கதையில் பார்த்துப் பிடித்துப்போனால் அவனுடைய 1930-களின் நியூயார்க் சாகசங்களைத் தனியாக எடுக்கலாம், நடுவில் படித்தாலும் எதுவும் கெடாது. விட்ச்ஃபைண்டர், சர் எட்வர்ட் கிரே என்ற விக்டோரியா காலத்துத் துப்பறிவாளனுடைய கதை. 'ஹெல்பாய் இன் ஹெல்' படிக்கும் முன் அதன் முதல் தொகுதியை மட்டும் பார்த்துவிட்டால் நல்லது, கட்டாயம் இல்லை. ஏப் சேப்பியனின் 2013-ல் தொடங்கிய தொடர் 'ஹெல் ஆன் எர்த்' நடக்கும் அதே நேரத்தில் நடக்கிறது. அதைத் தனியாக எடுத்தால் தலையும் வாலும் புரியாது, 'ஹெல் ஆன் எர்த்' மூன்றாம் தொகுதிக்கு அப்புறம் எடுங்கள். 'பால்டிமோர்' என்று மிக்னோலா பெயரோடு இன்னொன்று கண்ணில் படும், அது வேறு உலகம், இந்தக் கதையோடு தொடர்பில்லை, ஒரே அலமாரியில் இருக்கிறதே என்று இதோடு சேர்த்து வாங்கிவிடாதீர்கள்.

'1952'-ல் ஆரம்பிக்கும் அந்த வரிசையை நான் மேலே தள்ளி வைக்கச் சொன்னேன். எல்லாம் முடித்த பிறகு அதை எடுங்கள், ஆண்டு வாரியாக 1953, 1954 என்று போகும். அதிலும் வாங்கும் முன் ஐஎஸ்பிஎன் பாருங்கள், தனித்தனி மெல்லிய புத்தகமாகவும் சேர்த்துக் கட்டிய தொகுப்பாகவும் இரண்டு விதத்தில் விற்கிறார்கள்.